முதல் வரிசை நாய்கள்

ராஜபாளையம்
14.9.2024

அன்புள்ள சித்ராக்காவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். சஷ்டிகா இப்போதுதான் கண் அசந்தாள். அவள் விழித்திருந்தால் பேனாவைத் தொட முடியாது என்பது உனக்குத் தெரியும். இவர் மில்லில் நைட் ஷிப்ட். நாங்கள் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பெரியம்மாவுக்கு முட்டுவலி தேவலையா?

உனக்கும் எனக்கும் நடுவில் அரை மணி நேர பஸ்தான். ஆனால் நாய் வளர்க்கும் வீட்டுக்குப் போய் வந்தால் உங்கள் ஆய்வுக்கூடத்து நாய்களுக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று உன்னை இங்கே விடமாட்டார்கள். நீ தங்குவதும் அங்கேயே என்பதால், போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பெரியம்மா மகளோடு தபாலில் பேசுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம் நாய் மிட்டாய் நன்றாக இருக்கிறது. ஆய்வு முடிந்த நாய், வீட்டில் வைத்து வளர்த்துக்கொள் என்று நீ அனுப்பியதிலிருந்து ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குருவம்மாள் மதினிக்கு இதே பேச்சு. "ஏட்டி, ராஜபாளையத்துல இருந்துக்கிட்டு தொங்கக்காதுச் சீமை நாய வளக்கியே, ஊரு சிரிக்காதா? அதுவும் ஊமையால்ல இருக்கு!"

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சஷ்டிகா பள்ளி வேனிலிருந்து இறங்கி, தென்காசி ரோட்டில் குறுக்கே ஓடிவிட்டாள். லாரி அவள் பாவாடையை உரசிக்கொண்டு நின்றது. "ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கா. எத்தனை பிள்ளையள நான் பாக்க?" என்று டீச்சர் அழுதேவிட்டார். சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வரும் டாக்டரிடம் இன்று காட்டினேன். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு புது மருந்தாம். இன்னும் கடைக்கு வரவில்லையாம். கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஊக்கமருந்து வகை என்றார். பிரஷர் ஏறாதா என்று கேட்டேன். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இந்தப் பயம்கூட இல்லாவிட்டால் எப்படி? "இது ஏத்தாத வகைம்மா. உங்க பக்கத்துலயே நாய்களுக்குக் குடுத்துப் பார்த்தாச்சு" என்றார்.

அது உன் இடம்தானே அக்கா? கொடு என்று நீ சொன்னால் கொடுக்கிறேன். ரோட்டை நினைத்தாலும் பயம், மருந்தை நினைத்தாலும் பயம்.

உன் தங்கை
முனீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.9.2024

அன்புத் தங்கை முனீஸுக்கு,

லாரி விஷயம் படித்த அன்று சோறு இறங்கவில்லை. பிள்ளைக்குச் சுற்றிப் போட்டாயா? அம்மா நலம். நானும் அப்படியே.

ஆமாம், எங்கள் இடம்தான். நீ படித்ததுதான், ஞாபகப்படுத்துகிறேன். சஷ்டியின் செருப்பு இரண்டையும் எடுத்துப் பார். ஒரே ரப்பர், ஒரே எடை, ஒரே வார். ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். ஆனாலும் இடக்கால் செருப்பில் வலக்கால் பொருந்தாது. இந்த மருந்தும் அப்படித்தான், இரண்டு உருவமாக இருக்கிறது. இரண்டுமே மூளையை உசுப்பும். அதில்தான் இந்தப் பிள்ளைகள் அடங்குகிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் ரத்தக்குழாயையும் இறுக்கிப் பிரஷரை ஏற்றும்.

எது என்று கண்டுபிடிக்கப் பன்னிரண்டு நாய்களை எதிரெதிராக இரண்டு வரிசை வைத்தோம். முதல் வரிசைக்கு முதல் தட்டு மருந்து, இரண்டாம் வரிசைக்கு இரண்டாம் தட்டு. எந்தத் தட்டில் எது என்று அளக்கிறவளுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மனசு சாயும். அதனால் மருந்து கொடுக்கும்போது நான் உள்ளேயே போகமாட்டேன். நாலு மணிக்குப் போய் ஒவ்வொன்றின் முன்னங்காலிலும் பட்டை கட்டிப் பிரஷர் பார்ப்பேன். முதல் வரிசைக்குக் கடைசிவரை ஏறவில்லை. இரண்டாம் வரிசையைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வந்திருப்பது முதல் தட்டு மருந்து. மிட்டாயும் முதல் வரிசைதான். எவ்வளவு சாது பார். தயங்காமல் கொடு.

உன் அக்கா
ஜெயசித்ரா


ராஜபாளையம்
12.10.2024

அன்புள்ள அக்கா,

சரஸ்வதி பூஜைக்கு உன்னை நினைத்துக்கொண்டோம். நீ சுகமா? இங்கே மழை இரண்டு நாளாக. அய்யனார் கோவில் பக்கம் தண்ணீர் வருகிறதென்று கூட்டம் போகிறது.

நீ சொன்னபடி மருந்தை ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அக்கா, பிள்ளை அடங்கிவிட்டாள்! டீச்சர் ஸ்டார் ஒட்டி அனுப்புகிறார். போட்ட சோற்றை ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுகிறாள். குருவம்மாள் மதினி, "என்னட்டி, பொம்மைய கொண்டாந்து வச்சிருக்க? பிள்ளைய எங்க ஒளிச்ச?" என்று கேட்கிறார். இவருக்கு வாயெல்லாம் பல்.

எனக்கும் சந்தோஷம்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மிட்டாய் தினமும் நாலு மணிக்கு ஹாலில் போய் ஒருக்களித்துப் படுத்து, முன்னங்காலை நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வந்த நாள் முதல் அப்படித்தான். நீ பட்டை கட்டின பழக்கம் போல. போன திங்கட்கிழமை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அதற்கு நேர் எதிரே சஷ்டிகா படுத்திருக்கிறாள். நாய் வலப்பக்கம், இவள் இடப்பக்கம். மூக்குக்கு மூக்கு. காலும் கையும் ஒன்றை நோக்கி ஒன்று நீண்டிருக்கின்றன. கண்ணாடி முன்னால் ஒரே உருவம் கிடப்பதுபோல் இருந்தது. "என்னட்டி செய்த?" என்றேன். "பாக்க வருவாக," என்றாள்.

இப்போது தினமும் அப்படித்தான் படுக்கிறாள். பிள்ளை விளையாட்டுத்தானே?

முனீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.10.2024

அன்புள்ள முனீஸு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். புது நாய்கள் வந்திருக்கின்றன, வேலை அதிகம். தீபாவளிக்கு லீவு கிடைக்காது.

நாய்கள் நேரத்தை மறக்காது. மருந்து நின்று வருஷமானாலும் அந்த மணிக்கு அந்த உடம்பு தயாராகிவிடும். பிள்ளை அதைப் பார்த்துச் செய்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை.

அவள் விரல்கள் சில்லென்று இருக்கின்றனவா? சும்மா கேட்டேன்.

ஜெயசித்ரா


ராஜபாளையம்
21.10.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்ததும் ஸ்கூலுக்கே போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். பத்து விரலும் ஐஸ். ஏன் கேட்டாய்?

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்போதும்போலப் பிரஷர் பார்த்து "நார்மல்" என்றார். உற்றுப் பார்த்தேன் அக்கா. பெரியவர்களுக்குக் கட்டும் அகலப் பட்டையை அந்தக் குச்சிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறார். அது குறைத்துத்தானே காட்டும்? அதுவும் காலையில், மருந்து கொடுப்பதற்கு முன்னால். பஜாரில் கேட்டு, குழந்தைகளுக்கான சின்னப் பட்டையும் மிஷினும் வாங்கி வந்தேன். நேற்று நாலு மணிக்கு, படுத்திருந்தபடியே கட்டினேன். பட்டையைக் கண்டதும் அவளாகவே கையைத் தளர்த்திக் கொடுத்தாள். நூற்று இருபத்தாறு, எண்பத்தெட்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு!

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "கடை மிஷின நம்பி ஏம்மா பயப்படுதீங்க? நிறுத்தினா மறுபடி ரோட்டுல ஓடுவா, பரவாயில்லையா?" என்கிறார்கள். ரோட்டை நினைத்தால் எனக்குப் பயம். அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.

மிட்டாய்க்கு ஏறாத மருந்து இவளுக்கு ஏன் ஏறுகிறது?

முனீஸ்வரி


ராஜபாளையம்
3.11.2024

அன்புள்ள அக்கா,

சுகமா? தீபாவளி போயிற்று. உன் பதில் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் உங்கள் இடத்தில் வேலை பார்க்கும் இருளப்பசாமி அண்ணன், அங்கே யாருக்கும் தெரியாமல் வந்து, "டாக்டரம்மா குடுத்துவிட்டாக" என்று பார்சலைக் கொடுத்தார். சஷ்டிக்குப் பாவாடை சட்டை. உதறி உதறிப் பார்த்தேன். ஒரு வரி எழுதி வைக்க உனக்குத் தோன்றவில்லை.

அவரைக் கண்டதும் மிட்டாய் கீழே விழுவதுபோலப் படுத்துக் காலை நீட்டியது. "ஏ கழுத, இன்னுமா மறக்கல?" என்று சிரித்தார். காப்பி போட்டுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"மருந்து நீங்கதான் குடுப்பியளாண்ணே?"

"பொறவு? டாக்டரம்மா வெளிய நிப்பாக. நாந்தான் தட்டத் தூக்கிக்கிட்டு உள்ள போவேன்."

"பயமா இருக்காதா, தனியா?"

குரலைத் தாழ்த்தினார். "எனக்கென்ன பயம் தாயி? உள்ளதான் சாமி இருக்காரே. அது முன்ன புஞ்சக் காடு. ஷெட்டு போடும்போது நடுவுல ஒரு சாமிக்கல்லு. புடுங்க எவனுக்கும் கை வரல. மேல வாளியக் கவுத்து வச்சிருக்கோம். ஆபீசர் வந்தா, கழுவுத வாளின்னு நெனச்சிக்கிடுவாக."

"நல்ல ஆளுதான் நீங்க!"

"சாமிய நடுவுல வச்சிக்கிட்டு எடமாச் சுத்த முடியுமா? வாசல்ல நுழைஞ்சா பீச்சாங்கைப் பக்கம் போயி, வலமாச் சுத்தி, சோத்துக்கைப் பக்கமா வெளிய வருவேன். போறப்போ மொதத் தட்டு, திரும்பி வாரப்போ ரெண்டாந்தட்டு. ஒரு நா மாத்தினதில்ல. கேட்டுப் பாரு டாக்டரம்மாகிட்ட."

எவ்வளவு பெருமை முகத்தில்! இத்தனை மாதம் நீ ஒரு சாமியைச் சுற்றி வந்துதான் பிரஷர் பார்த்திருக்கிறாய், தெரியுமா?

சிரிப்பு வரட்டும் என்று எழுதினேன். எனக்கு வரவில்லை. நேற்று சஷ்டிகா காதைப் பொத்திக்கொண்டு வந்து, "அம்மா, உள்ள யாரோ நடக்காக. நிக்கவே மாட்டேங்காக," என்றாள். படுக்க வைத்துக் காதோடு காது வைத்துக் கேட்டேன். எனக்கும் கேட்டதுபோல் இருந்தது. நூற்று முப்பது, தொண்ணூறு.

ஏதாவது எழுது.

முனீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.11.2024

முனீஸு,

மருந்தை நிறுத்து. இதைப் படித்த கையோடு நிறுத்து. சாத்தூர் ரோட்டிலோ மதுரையிலோ வேறு ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டி, பிரஷர் இறங்கும்வரை அவர் சொல்கிறபடி செய்.

வாசலில் நின்று பார்த்தால், என் கணக்கில் முதல் வரிசை சோத்துக்கைப் பக்கம்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. யாரிடமும் சொல்லாதே.

ஜெயசித்ரா


ராஜபாளையம்
16.11.2024

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

மருந்தை அன்றே நிறுத்தினேன். மதுரையில் ஒரு குழந்தை டாக்டர் பார்த்தார். இதயத்துக்குக் கெடுதல் இல்லை, நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார்.

மறுநாள், எல்லோரும் போன பிறகு, ஹாலில் ஆறு டம்ளரை ஒரு பக்கமும் ஆறை எதிர்ப்பக்கமும் வைத்தேன். நடுவில் ஒரு சொம்பைக் கவிழ்த்தேன். வாசலிலிருந்து நான் இருளப்பசாமி அண்ணனாக நடந்தேன். பிறகு நீயாக நடந்தேன். அவருக்கு முதலில் வருவது இடக்கைப் பக்கம். முதல் தட்டு முழுக்க அங்கேதான் போயிருக்கிறது. நீயோ வலக்கைப் பக்க நாய்களுக்குப் பிரஷர் ஏறவில்லை என்று பார்த்து, முதல் தட்டு நல்லது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அவை தின்றது இரண்டாம் தட்டை. நீ எனக்கு எழுத வேண்டாம் என்று விட்டாயே, அந்த எதிர் வரிசை, அவைதான் முதல் தட்டைத் தின்றவை.

மிட்டாய் ஒரு நாளும் தின்னாத மருந்தைத்தான் என் மகள் ஆறு வாரம் தின்றாள்.

இருளப்பசாமி அண்ணன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் போயிருந்தாலும் வலமாகத்தான் சுற்றியிருப்பேன். இந்த ஊரில் யார் இடமாகச் சுற்றுவார்கள்? உன்மேல்கூட அந்த வரிசைக்காகக் கோபமில்லை. விரல் சில்லென்று இருக்கிறதா என்று கேட்டாயே, அந்தக் கடிதத்துக்காகத்தான். அந்த நாய்களுக்குப் பாதம் சில்லிட்டதா? அன்றைக்கே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டதா? அதற்குப் பிறகு மூன்று வாரம் காலையும் மாலையும் என் கையால் கொடுத்திருக்கிறேன்.

முனீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.12.2024

முனீஸு,

பிள்ளைக்கு இறங்கியதா? அதை மட்டும் முதலில் எழுது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், பாதம் சில்லிடும். உன் பிள்ளைக்கு அப்படி இருக்காது என்று நம்ப ஆசைப்பட்டேன்.

உன் தீபாவளிக் கடிதம் வந்த மறுநாள் உள்ளே போய் வாளியைத் தூக்கினேன். மஞ்சள் பூசிய கல். ஓரத்தில் காய்ந்த அரளிப்பூ. அதைச் சுற்றித் தரை வழவழவென்று தேய்ந்து கிடந்தது. மேலதிகாரிகளிடம் சொன்னேன். மறுவாரம் கல் இல்லை, சிமெண்ட் பூசியிருந்தார்கள். அப்படி ஒரு கல்லே இருந்ததில்லையாம். இருளப்பசாமியை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். மருந்து சரியாகத்தான் கொடுக்கப்பட்டது என்று அன்றாடம் கையெழுத்துப் போட்டவள் நீதானே என்கிறார்கள். போட்டவள் நான்தான்.

புது நாய்களை அதே அறையில் வைத்திருக்கிறோம். இவை இருளப்பசாமியைப் பார்த்ததே இல்லை. நேற்று மருந்து நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறையில் ஆளில்லை. பன்னிரண்டு தலையும் ஒன்றாக வாசலைப் பார்த்தன. பிறகு மெதுவாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், வலமாகத் திரும்பிக்கொண்டே போயின. பார்வை மறுபடி வாசலுக்கு வந்ததும் எல்லாம் ஒருக்களித்துப் படுத்தன.

நான் தூங்கி நாளாகிறது. நம் பிள்ளை தப்பித்துவிட்டாள் அல்லவா? இதோடு விடு முனீஸு. எனக்கு இந்த வேலையைத் தவிர ஒன்றும் தெரியாது.

ஜெயசித்ரா


ராஜபாளையம்
14.12.2024

அன்புள்ள அக்கா,

இறங்கிவிட்டது. நூறு, அறுபத்திரண்டு. மூன்று நாளாக அதேதான். நேற்று குருவம்மாள் மதினி வீட்டு மாவுச்சட்டியை உடைத்துவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். "வந்துட்டாட்டி உன் மக!" என்று மதினி கத்தியபோது நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஸ்கூல் கேட்டில் நானே போய் நின்று கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். ஓடட்டும், நானும் கூட ஓடுகிறேன். நீயும் தூங்கு அக்கா. பெரியம்மாவிடம் போய் நாலு நாள் இரு.

இதோடு விடு என்றாய். விட்டுவிடலாம் என்றுதான், மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்க இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வராந்தாவில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. இரண்டிலும் பிள்ளைகள். நம் சஷ்டி மாதிரிப் பிள்ளைகள், அம்மாமார் மடியில் நிற்காத பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை அக்கா. சட்டைக் கையைத் தாங்களே மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் தட்டோடு உள்ளே வந்தபோது எல்லாத் தலையும் அவரோடு திரும்பின.

என் பக்கத்தில் கூமாப்பட்டியிலிருந்து வந்திருந்த கிருபாபாய் என்ற பெண். மகன் பெயர் ஜெபின். "கர்த்தர் புண்ணியத்துல இப்பத்தான்க்கா எங்க வீட்டுல உக்காந்து சாப்பிடுதோம். முன்ன எம்புட்டு அடி வாங்குவான் தெரியுமா!" என்றாள். அவன் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. "மருந்த நிறுத்துங்க" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க டாக்டரா?" என்றாள். இல்லை என்றேன். பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

அவள் செய்தது சரிதான். அன்றைக்கு என்னிடம் ஒருத்தி வந்து அப்படிச் சொல்லியிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். நீ சொன்னாய், அதனால் கொடுத்தேன். நீ சொன்னாய், நிறுத்தினேன்.

அதனால் கேட்கிறேன். இரண்டு தட்டும் எப்படி வரிசை மாறின என்று ஒரு தாளில் எழுதி, கீழே உன் பெயர், படிப்பு, கையெழுத்து போட்டு அனுப்பு. சஷ்டியை மதுரையில் பார்த்த குழந்தை டாக்டர், அப்படி ஒரு தாள் இருந்தால் மருந்துக்கு அனுமதி கொடுத்தவர்களிடம் தானே கொண்டுபோகிறேன் என்கிறார். வேலை போய்விட்டால் இங்கே வா. நாய் இருக்கிற வீட்டுக்கு வரக்கூடாது என்று அப்புறம் உன்னை யாரும் தடுக்க முடியாது. இவரும் "அவியள இங்க வந்து இருக்கச் சொல்லு" என்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடி ஒரு வாரத்து மருந்து கொடுப்பார்கள். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை
முனீஸ்வரி